காக்கத்துவான்: ஒரு பறவைப் பெயரும் சொல்லாராய்ச்சி நெறியும்

பெயருக்குப் பொருள் கூறுதல் தமிழாசிரியர்க்கு இயல்பாய் அமைந்த இன்பம். ஊர்ப்பெயர் ஒன்றைக் கண்டால் பிரித்துப் பார்க்கிறோம். பறவைப்பெயர் ஒன்றைக் கேட்டால் அதன் வேர் யாதென்று தேடுகிறோம். மாணாக்கரும் அதனை விரும்பிக் கேட்கின்றனர். ஆனால், இவ்வின்பத்தில் ஓர் இடர் உண்டு. சொன்ன பொருள் நன்றாகப் பொருந்திவிட்டால், அஃது உண்மைதானா என்று வினவ மறந்துவிடுகிறோம். சொற்பொருளுக்குரிய காரணம் பார்த்த அளவில் விளங்கிவிடாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்துச் சென்றார். காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. எளிதிற் புலப்படாது என்றே சொன்னார். அவ்வெச்சரிக்கையை நாம் எந்த அளவுக்குப் போற்றுகிறோம்? கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இன்று பலர் கூண்டில் வளர்க்கும் ஒரு சிறு பறவையின் பெயரைக் கொண்டே இதனை ஆராய்ந்து பார்க்கலாம்.

மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையிலே சோதிடருக்குச் சீட்டு எடுத்துக் கொடுக்கிற கிளியும் எங்கள் வீட்டுக் காக்கட்டீலும் ஒரே இனமா? காக்கட்டீல் என்றால் என்ன பொருள்?" என்று கேட்டான். விடை கூறத் தெரியாமல், ஆசிரிய நண்பர் சிலர் கூடியிருந்த இடத்தில் அவ்வினாவை வைத்தேன். ஒருவர், "ஆங்கிலத்தில் காக் என்றால் சேவல், சேவலைப்போல் கொண்டை உடையதாதலின் அப்பெயர்" என்றார். மற்றொருவர், "அது மலாய், கக்காக் என்றால் அக்காள், துவா என்றால் முதுமை, முதிய அக்காள் என்பதே பொருள்" என்றார். மூன்றாமவர், "இரண்டும் அன்று, தூவி என்றால் இறகு, காக்கைத்தூவி என்ற செந்தமிழ்த் தொடரே கடல் கடந்து சிதைந்தது" என்றார். மூவரும் கற்றவர், மூன்று விடைகளும் கேட்க இனியவை. ஆயினும், மூன்றில் ஒன்றேனும் சான்றின்மேல் நிற்கவில்லை. ஒவ்வொருவரும் தம் செவிக்குப் பழகிய மொழியையே அப்பெயரில் கேட்டனர்.

பறவையும் அதன் பெயர்களும்

முதலிற் பறவையை அறிந்துகொள்வோம். காக்கட்டீல் ஆஸ்திரேலியாவுக்குரியது. வாலோடு சேர்த்து ஓரடிக்குச் சற்று மிகுந்த நீளமுடையது. சாம்பல் நிற உடலும், மஞ்சள் கொண்டையும், கன்னத்தில் செம்மஞ்சட் பொட்டும் உடையது. சோதிடரின் பச்சைக்கிளிக்கு எழுப்பி மடக்கும் கொண்டை இல்லை, இதற்கு உண்டு. ஆகவே, மாணவனின் முதல் வினாவுக்கு விடை எளிது. இரண்டும் கிளிவரிசையைச் சேர்ந்தவை எனினும், காக்கட்டீல் பெரிய கொண்டைக்கிளிகளின் குடும்பத்தைச் சேர்ந்த தனிச் சிறுபிரிவு. இதனை நெடுங்காலம் வேறு சிறுகிளிகளோடு சேர்த்து எண்ணியவர் உண்டு. மரபணு ஆராய்ச்சி வந்த பின்னரே ஐயம் நீங்கிற்று.

இதன் அறிவியற் பெயரில் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. 1792இல் ராபர்ட் கெர் என்பார் இதற்கு 'ஹாலண்டிகஸ்' என்ற அடைமொழியைத் தந்தார். 1832இல் ஜெர்மானியரான வாக்லர் 'நிம்பிகஸ்' என்ற பேரினப் பெயரை அமைத்தார். நிம்பிகஸ் என்பது கிரேக்கர் கதைகளில் வரும் அணங்கினைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. மற்றதைக் கேட்டவுடன் இஃது ஒல்லாந்து நாட்டுப் பறவை என்று ஒருவர் பொருள் கூறிவிடலாம். ஆஸ்திரேலியாவுக்கு அக்காலத்துப் பெயர் 'புதிய ஒல்லாந்து' என்ற வரலாற்றை அறிந்தவரே அவ்வாறு பிழைபடார். நம் பறங்கிக்காயும் இத்தகையதே. அக்காய் பிறந்த நாடு அமெரிக்கா. பெயரோ அதனைக் கொணர்ந்த பறங்கியரைக் காட்டுகிறது. பெயரில் ஒரு காரணம் தென்படுவது வேறு. அக்காரணம் எதனைச் சுட்டுகிறது என்பது வேறு.

அந்நிலத்துப் பழங்குடி மக்கள் இப்பறவைக்குத் தம் பெயர்களை வைத்திருந்தனர். நியூ சவுத் வேல்ஸ் பகுதியின் விராஜுரி மொழியிலிருந்து 'குவாரியன்' என்ற பெயர் ஆஸ்திரேலிய ஆங்கிலத்துக்கு வந்தது. மேற்குப் பகுதியில் 'வீரோ' என்பர். ஒலியொப்புமை ஒன்றே போதுமென்றால், வீரோ என்பதை 'வீர' என்ற நம் சொல்லோடு இணைத்துவிடலாம்! யாரும் அவ்வாறு செய்யார். ஏன்? இரு மொழிக்கும் இடையே வழி இல்லை என்பது இங்கே வெளிப்படை. வழி இருப்பதுபோல் தோன்றும் இடத்தில்தான் நாம் வழுக்கி விழுகிறோம்.

சொல் வந்த வழி

நிற்க. காக்கட்டீல் என்ற பெயருக்கு ஆங்கில அகராதிகள் காட்டும் வழி இது: மலாய் மொழியில் பெரிய கொண்டைக்கிளிக்குக் 'கக்கத்துவா' என்று பெயர். போர்ச்சுக்கீசியர் அதனைக் 'காக்கத்துவா' என்றனர். அவர்கள் மொழியில் 'இலியோ' என்னும் ஈறு சிறுமையைக் காட்டும். அவ்வீறு சேர்ந்த 'காக்கத்திலியோ' என்ற வடிவிலிருந்து ஒல்லாந்தரின் 'காக்கத்தீல்யே' வந்திருக்கலாம் என்பர். அவ்வொல்லாந்துச் சொல்லே, 19ஆம் நூற்றாண்டில் லண்டன் பறவை வணிகத்தின் வழியே காக்கட்டீல் என ஆங்கிலமாயிற்று. எனவே, பொருள் 'சிறிய காக்கத்துவா' என்பதே. அறிவியலார் ஐயுற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே வணிகர் இதனைக் கொண்டைக்கிளியின் குறுவடிவம் என்று பெயரிட்டது வியப்புக்குரியது.

போர்ச்சுக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியது 1511இல்; ஒல்லாந்தர் அதனைப் பற்றியது 1641இல். ஆதலின் இச்சொல் நமக்கு அயலதன்று. கிள்ளானுக்குத் தெற்கே உள்ள அதே கடற்கரையில் வழங்கிய மலாய்ச் சொல், ஐரோப்பாவைச் சுற்றி, ஓர் ஆஸ்திரேலியப் பறவையின்மேல் ஏறிக்கொண்டு நம் கடைத்தெருவுக்கே ஆங்கிலமாய்த் திரும்பி வந்திருக்கிறது.

இனி, சேவல் விளக்கத்தை நோக்குவோம். போர்ச்சுக்கீசியம், ஸ்பானியம், இத்தாலியம் ஆகிய மூன்றிலும் இச்சொல்லில் சேவல் இல்லை. ஆங்கிலேயர் மட்டுமே தம் சேவற்சொல்லின் சாயலில் இதன் முதற்பகுதியைத் திருத்திக்கொண்டனர். அறியாத சொல்லை அறிந்த சொல்லின் வடிவுக்கு இழுத்துக்கொள்வது எல்லா மொழியினர்க்கும் உள்ள வழக்கமே. ஆகவே, சேவல் இச்சொல்லுக்கு வேரன்று. பின்னர் வந்து ஒட்டிய சாயம்.

மூத்த அக்காளும் குறடும்

'முதிய அக்காள்' என்ற விளக்கத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட இயலாது. இன்றைய மலாய் எழுத்துமுறை அப்பொருளுக்கு இடந்தருகிறது. இந்நாட்டுப் பிள்ளைகள் பலரும் அறிந்த 'பூரோங் கக்காக் துவா' என்ற பாட்டு அதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. எனினும், பழைய ஐரோப்பியப் பதிவுகளில் முதற்சொல்லின் ஈற்றிலுள்ள ககர ஒலி காணப்படவில்லை. மலாயில் அவ்வீற்றொலி தொண்டையில் நின்றுவிடும் மெல்லொலியாதலின், அயலார் செவிக்கு அது புலப்படாமலும் போயிருக்கலாம். ஆகவே, இச்சான்று ஒன்றைக் கொண்டு முடிவுகட்டுதல் முறையன்று.

ஆனால், வேறொரு செய்தி உண்டு. காக்கத்துவா மலாய்த் தீபகற்பத்தின் பறவையன்று. 1856இல் பாலித் தீவிலிருந்து லொம்போக் தீவுக்குச் சென்ற வாலஸ், குறுகிய நீரிணை ஒன்றைக் கடந்தவுடன் வெண்ணிறக் கொண்டைக்கிளிகளைக் கண்டு வியந்தார். சுலாவெசி, மலுக்கு, திமோர் முதலிய கிழக்குத் தீவுகளே இவற்றின் இயற்கை நிலம். தீவு கடந்து வணிகரோடு வந்த பறவைக்குப் பெயரும் அக்கடல்வழியில் அமைந்திருத்தல் கூடும். இன்னும் தொலைவில், மலாயோடு ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மவோரி மொழியைப் பேசும் நியூசிலாந்து மக்கள், தம் நாட்டுக் கிளி ஒன்றைக் 'காக்கா' என்கின்றனர்; இரவில் உலவும் மற்றொரு கிளியைக் 'காக்காப்போ' என்கின்றனர்; 'போ' என்றால் இரவு. அங்கே அக்காளும் இல்லை, முதுமையும் இல்லை, கிளியின் கரகரத்த குரல்தான் இருக்கிறது. 'கக்க' என்ற முற்பகுதி ஒலிக்குறிப்பாகத் தோன்றியிருத்தலே பொருத்தம். அக்காள் பின்னர் வந்து குடியேறினாள் எனலாம்.

மலாயில் ஆணி பிடுங்கும் குறட்டுக்கும் இப்பெயரே வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜான் கிராஃபர்டு, குறடு என்பதே முதற்பொருள் என்றும், அலகின் பிடியை நோக்கிப் பறவைக்கு அப்பெயர் வந்ததென்றும் கொண்டார். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி அவர் கருத்தை எடுத்துக்காட்டி, குரலால் வந்த பெயராதல் கூடும் என்றும் ஐயுற்றது. கருவிக்குப் பறவைப்பெயர் வருதலே உலக வழக்கில் மிகுதி. பாரம் தூக்கும் பொறிக்கு ஆங்கிலேயர் கொக்கின் இனத்துப் பறவைப்பெயரை வைத்தனர். நாமும் வளைந்த நுனியுடைய மாங்காயைக் கிளிமூக்கு மாங்காய் என்கிறோம். மாங்காயிலிருந்து கிளிக்கு மூக்கு வந்ததென்று யாரேனும் கூறுவரோ?

காக்கையும் தூவியும்

மூன்றாம் விடை நம்முடையது. ஆதலின் அதனிடம் நாம் மிகுந்த கண்டிப்புக் காட்டல் வேண்டும். காக்கை என்பது தமிழில் ஒலியால் அமைந்த பெயர். ஒலியாற் பெயரிடும்பொழுது தொடர்பற்ற மொழிகளும் ஒத்த சொற்களைப் பெறும். எனவே, 'கா' என்ற ஒலி இரண்டிடத்தும் இருப்பது உறவுக்குச் சான்றாகாது. மேலும், வெண்ணிறப் பறவையைக் காக்கையின் இறகென்று அழைக்கக் காரணம் என்ன? அத்தொடர் இப்பறவையைக் குறித்ததற்கு இலக்கிய வழக்கு உண்டா? தமிழரிடமிருந்து அது மலுக்குத் தீவுகளுக்குச் சென்ற வழி எது? இவ்வினாக்களுள் ஒன்றுக்கும் விடையில்லை. ஒலியொப்புமையே போதுமாயின், காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் தமிழ் முஸ்லிம்கள் அண்ணனைக் 'காக்கா' என்று அழைப்பதைக் கொண்டு, பறவையை 'முதிய அண்ணன்' ஆக்கியும் விடலாம்.

நம் வகுப்பறையிலும் இத்தகைய விளக்கங்கள் உலவுகின்றன. 'காக்காய் பிடித்தல்' என்பது 'கால் கை பிடித்தல்' என்பதன் மரூஉ என்று நாம் எல்லாரும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், இடைப்பட்ட வடிவத்தை எந்த ஏட்டில், எந்தக் காலத்தில் கண்டோம் என்று ஒரு மாணவன் கேட்டால், நம்மிற் பலர் வாய் திறவார்.

தமிழ் ஏற்றுக்கொண்ட முறை

தமிழுக்கு இச்சொல்லில் பங்கே இல்லையோ எனின், உண்டு. அப்பங்கு பெருமைக்குரியது. பழைய தமிழ் அகராதிகளிலே 'காக்கத்துவான்' என்ற சொல் இருக்கிறது. கொண்டைக்கிளிக்கு உரிய பெயர் அது. அதன் வடிவத்தை உற்று நோக்குக. ஆங்கிலத்திலிருந்து வந்திருந்தால் டகரம் நின்றிருக்கும். டாக்டர், டிக்கெட் என்று நாம் சொல்வதுபோல. இங்கே தகரம் நிற்கிறது. ஆங்கிலத்தில் தேய்ந்துபோன ஈற்றுப்பகுதியும் 'துவா' என்று முழுமையாய் நிற்கிறது. எனவே, மலாயிலிருந்து நேரே வந்திருத்தல் வேண்டும். அன்றேல் போர்ச்சுக்கீசியர் வழியே வந்திருத்தல் வேண்டும். ஆங்கிலத்திலிருந்து வரவில்லை என்று துணிந்து கூறலாம்.

ககரமும் தகரமும் ஏன் இரட்டித்தன? தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லெழுத்து மெலிந்து ஒலிக்கும். இரட்டித்தாலன்றி வன்மை பெறாது. இவ்விதி இருவழியிலும் செயற்படுவதைக் காணலாம். நம் கப்பல் மலாயில் ஒற்றைப் பகரத்தோடு 'கபால்' ஆயிற்று. கட்டில் 'காதில்' ஆயிற்று. பெட்டி 'பெதி' ஆயிற்று. சுருட்டு 'செருத்து' ஆயிற்று. இவற்றை வல்லொலியோடு படிக்க வேண்டும். தமிழில் இரட்டித்த வல்லெழுத்துக்கு மலாயில் ஒற்றை வல்லொலி நிற்கிறது. தமிழில் தனித்து நின்று மெலிந்தொலிக்கும் கடை, முதல் என்னும் சொற்களோ, மலாயில் மெல்லிய ஒலியோடு 'கெடை', 'மோடல்' ஆயின. தமிழ்ச்சொல் மலாய்க்குப் போனபோது எந்த விதி நின்றதோ, அதே விதி மலாய்ச்சொல் தமிழுக்கு வந்தபோதும் நின்றது. இதுவன்றோ சான்று! ஒரு சொல் மற்றொன்றைப்போல் ஒலிக்கிறது என்பது சான்றன்று. ஒரே விதி பல சொற்களில் தவறாது நிற்றலே சான்று.

இவ்விதியைக் கொண்டு நம் ஊர்ப்பெயர்களையும் அளந்து பார்க்கலாம். கிள்ளானுக்கு வடக்கே காப்பார் என்ற ஊர் உண்டு. 'காப்பவர் வாழ்ந்த ஊர்' என்று பொருள் கூற நா எழும். ஆனால், மலாய்ப் பெயரின் ஒற்றைப் பகரம் தமிழில் இரட்டித்ததே அது. காக்கத்துவானில் தகரம் இரட்டித்தது போல.

கிள்ளானைப் பற்றி நான் என் பிழையையே கூறிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், 'கிள்ளை என்றால் கிளி. கிளிகள் மிகுந்த ஊராதலின் கிள்ளான்' என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். சில நாள் கழித்து, மலாய் மொழி கற்பிக்கும் நண்பர் ஒருவர் அதனைக் கேள்வியுற்று, "அப்படியானால் ஈற்றில் உள்ள ங் எங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று பணிவோடு கேட்டார். என்னிடம் விடையில்லை. மலாயில் ன் என்ற ஈறும் உண்டு, ங் என்ற ஈறும் உண்டு. கிள்ளான் என்று கேட்டிருந்தால் அவர்கள் அதனை மாற்ற வேண்டியதில்லை. தமிழிலோ ங் சொல்லுக்கு ஈறாக வருவதில்லை. இரு மெய்கள் சேர்ந்து சொல்லுக்கு முதலாவதும் இல்லை. ஆகவே, மாறியது தமிழில்தான். சாருங் என்ற மலாய் உடை இலங்கையில் சாரம் ஆனதும், பினாங் நம் வாயில் பினாங்கு ஆனதும் இத்தகையனவே. மேலும், 1365ஆம் ஆண்டைச் சேர்ந்த 'நாகரகிருதாகமம்' என்னும் பழைய ஜாவா மொழிக் காவியத்தின் ஊர்ப்பட்டியலிலேயே கெலாங் என்ற பெயர் காணப்படுகிறது. தோட்டங்களும் தொடர்வண்டிப் பாதையும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே அவ்வூர்ப்பெயர் நிலைபெற்றுவிட்டது.

நமக்கு இதனால் வரும் இழப்பு

ஒரு கிளியின் பெயருக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமோ என்று சிலர் கேட்கலாம். வேண்டும். நம் பிள்ளைகள் மலாய்ப் பிள்ளைகளோடும் சீனப் பிள்ளைகளோடும் ஒரே நாட்டில் வளர்பவர்கள். தமிழ் இம்மண்ணுக்குப் புதிதாய் வந்த கூலிமொழியன்று. கப்பலும் கடையும் முதலும் கட்டிலும் பெட்டியும் மாம்பழமும் மலாய் மொழிக்குள் சென்று, அதன் நாளாந்த வழக்காகவே ஆகிவிட்டன. இஃது அறிஞர் ஒப்பிய உண்மை. இவ்வுண்மையைச் சொல்லும் அதே வாயால் காக்கத்துவாவும் தமிழ், கிள்ளானும் தமிழ் என்று கூறினால், கேட்பவர் பொய்யை மட்டும் தள்ளுவாரல்லர். மெய்யையும் சேர்த்தே தள்ளுவர். கள்ளக்காசு ஒன்று கலந்த பையில் நல்ல காசுக்கும் மதிப்பில்லை. அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. சான்று கேளாமல் மகிழக் கற்ற மாணவன், நாளை எதனையும் சான்று கேளாமலே நம்புவான்.

ஆகவே, ஒரு பெயருக்குப் பொருள் கூறுமுன் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். பொருளோ பறவையோ எங்கிருந்து வந்தது? சொல்லின் பழைய வடிவம் யாது? நாம் காட்டும் ஒலிமாற்றம் வேறு சொற்களிலும் நிகழ்கிறதா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் காரணப்பெயர் என்று கூறலாம். கிடைக்காவிடின் இடுகுறி என்று விட்டுவிடுவதில் இழுக்கொன்றும் இல்லை. நன்னூலார் இடுகுறிக்கும் இலக்கணத்தில் இடமளித்தே வைத்திருக்கிறார். தொல்காப்பியரும் மரபியலில், செவ்வாய்க் கிளியைத் தத்தை என்று வழங்குவதை உலகத்தார் வழக்கென்று ஏற்றுக்கொண்டாரேயன்றி, தத்தை என்பதற்கு வேர் தேடி அலையவில்லை.

இறுதியாக, அம்மாணவனின் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். காக்கட்டீல் என்று ஆங்கிலத்தைப் பின்பற்றிச் சொல்வதில் குற்றமில்லை. கொண்டைக்கிளி என்றால் பெரிய இனத்தோடு மயங்கும். காக்கத்துவான் என்ற சொல் தமிழில் முன்னரே இருத்தலின், அதனோடு ஓர் அடைமொழி சேர்த்துச் 'சிறு காக்கத்துவான்' என்று சொல்லலாம். போர்ச்சுக்கீசியரின் சிறுமையீறு உணர்த்திய பொருளே அதிலும் அமைகிறது. மலாய் வேரும் மறையாமல் நிற்கிறது. தமிழ் ஒலிமரபும் பிழையாமல் நிற்கிறது. லண்டனைச் சுற்றி வர வேண்டிய தேவையும் இல்லை.

மறுநாள் அவனிடம் இதனைக் கூறினேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் இது நம்முடைய சொல் இல்லையா, ஐயா?" என்று கேட்டான். "பிறந்தது பிறர் வீட்டில், வளர்ந்தது நம் வீட்டிலும்தான்" என்றேன். அவன் மனநிறைவோடு சென்றான். கிள்ளையால் வந்தது கிள்ளான் என்று நான் கற்பித்த பழைய மாணாக்கர் இப்போது எங்கெங்கோ இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரேனும் இதனைப் படித்துத் திருத்திக்கொண்டால், என் கடன் சிறிது குறையும்.